ஆறு வயதில் முளைக்கிற பல்

குழந்தைக்குச் சொத்தைப் பல் என்றால், "விழப்போற பல்லுதானே, விடுங்க" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். இந்தப் பேச்சை நம்பி வீணாகிற பற்கள் ஏராளம்.

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் ஆடத் தொடங்கும். கடைவாயில் இருப்பவை பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. அவை முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாயும். அடுத்து வரவேண்டிய பல் கோணலாக முளைக்கும்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஆறு வயது வாக்கில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. சத்தமில்லாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறோம். அது நிரந்தரப் பல். போனால் வேறு முளைக்காது. குழந்தையை வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பல்லின் மேல் ஆழமான பள்ளங்கள் தெரியும். பிஸ்கட் துணுக்கு அதில் அப்பிக்கொண்டால் வாய் கொப்பளித்தால் மட்டும் போகாது. அந்தப் பள்ளங்களை மூடுகிற பூச்சு பல் மருத்துவரிடம் உண்டு, வலிக்காது.

பல்லைக் காக்கிற எச்சில் தூக்கத்தில் ஊறுவது குறையும். அதனால் ராத்திரி பல் தேய்ப்பது மிக மிக அவசியம். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு பேஸ்ட் போதும், துப்பவும் பழக்குங்கள். ஏழெட்டு வயதுவரை நீங்களே கூட நின்று தேய்த்துவிடுங்கள். இன்று ராத்திரியே ஆரம்பியுங்கள்.