காவல் கப்பலான உல்லாசக் கப்பல்: ‘இசபெலை’ முன்வைத்து ஒரு வாதம்



போர் மூண்டால் செல்வந்தர்களின் உல்லாசக் கப்பல்களைக் கடற்படை எடுத்துக்கொள்ளும் என்பது நீங்கள் அறிந்ததே. அமெரிக்க வங்கியாளர் ஜே. பி. மார்கனின் உல்லாசக் கப்பல் ‘கோர்சேர்’ 1898இல் ‘குளோஸ்டர்’ என்ற கடற்படைக் கப்பலாகி, கியூபாவின் சாந்தியாகோவில் ஸ்பானியப் போர்க்கப்பல்களோடு மோதிய கதை பல மேடைகளில் சொல்லப்பட்டதுதான். பீரங்கி ஏறியதும் உல்லாசக் கப்பல் போர்க்கப்பலாகிவிடுகிறது என்பது என் துறை நண்பர்களின் கட்சி. நான் அதை ஏற்றதே இல்லை. கப்பலை மாற்றுவது அரசாணை; பீரங்கி அந்த ஆணைக்குச் சாட்சி, அவ்வளவே.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2020 கொரோனா காலத்தில் பனியன் கம்பெனிகள் முழுக்கவச உடை தைத்தன. அதே கட்டிங் மேசை, அதே டெய்லர்கள். ஆனாலும் கோவை சிட்ரா போன்ற ஆய்வகத்தில் செயற்கை இரத்தம் ஊடுருவாது என்று தேறிச் சான்றிதழ் வந்த பிறகுதான் அது மருத்துவரின் கவசம்.

இப்போது ‘இசபெல்’. அமெரிக்க மோட்டார் கார் முதலாளி ஜான் நார்த் வில்லிஸுக்காக மேய்ன் மாநிலத்துப் பாத் நகரில் கட்டப்பட்ட கப்பல். கட்டி முடியும் முன்பே கடற்படை வாங்கிக்கொண்டது. 1917 டிசம்பர் 28 அன்று பணியில் சேர்ந்தது. உல்லாசத்துக்கென்று வரைந்த கப்பலில் உல்லாசப் பயணமே நடக்கவில்லை. முதல் உலகப்போரில் அட்லாண்டிக் காவல், பிறகு சீனத்து யாங்சி ஆறு, கடைசியில் மணிலாவில் அட்மிரல் ஹார்ட் தலைமையிலான அமெரிக்க ஆசியக் கடற்படை.

1941 டிசம்பர் தொடக்கத்தில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணை ஹார்ட்டுக்கு வந்தது. மூன்று சிறு கப்பல்களை அமர்த்தி, இந்தோசீனக் கரையோரம் நிறுத்தி, ஜப்பானியர் நடமாட்டத்தை வானொலியில் தெரிவிக்க வேண்டும். அவை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் என்று சொல்லிக்கொள்ள எது போதும் என்பதும் அதிலேயே இருந்தது: தலைமைக்கு ஒரு கடற்படை அதிகாரி, ஒரு சிறு பீரங்கி, ஓர் இயந்திரத் துப்பாக்கி. மாலுமிகள் பிலிப்பைன்ஸ்காரர்களாக இருக்கலாம். கடற்படையிலிருந்து ‘இசபெல்’ ஒன்றை மட்டும் பயன்படுத்தலாம். என் வாதத்துக்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? அந்தச் சிறு பீரங்கியால் எந்தப் போரை வெல்ல முடியும்? ஆணை கேட்டது பலத்தை அல்ல, அடையாளத்தை.

டிசம்பர் 3 அன்று ‘இசபெல்’ புறப்பட்டது. வெளியே சொன்ன காரணம், காணாமற்போன விமானத்தைத் தேடுவது. இந்தோசீனக் கரையை நெருங்கும்போது ஜப்பானிய விமானம் கண்டுவிட்டது, திரும்பிவரச் சொன்னார்கள். இரண்டாவது கப்பலான ‘லானிகாய்’, இரட்டைப் பாய்மரக் கப்பல், மணிலா விரிகுடா வாயிலில் விடியலுக்காகக் காத்திருக்கையில் போரே தொடங்கிவிட்டது. அதன் தலைவர் கெம்ப் டாலி, ஜப்பானியர் முதலில் சுட்டுப் போர் மூளட்டும் என்று தங்களைத் தூண்டில் இரையாகவே அனுப்பினார்கள் என்று பிற்பாடு எழுதினார். வேவுதான் நோக்கம் என்கிறார்கள் என் நண்பர்கள். ஹார்ட்டின் விமானங்கள் ஏற்கெனவே அந்தக் கடல்மேல் வேவு பார்த்துக்கொண்டிருந்தன. பார்ப்பதற்குக் கண்கள் இருந்தன. சுடப்படுவதற்குத்தான் அமெரிக்கக் கொடி வேண்டியிருந்தது. டாலி சொன்னதே சரி என்பேன். இரு கப்பல்களும் தப்பி 1942இல் ஆஸ்திரேலியா சேர்ந்தது அந்த மாலுமிகளின் திறமை.

நம் பக்கம் ‘பிரபாவதி’. இந்தியக் கடற்படை எடுத்துக்கொண்ட சிறு வணிகக் கப்பல். 1941 டிசம்பரில் சரக்குப் படகுகளை இழுத்துக் கராச்சி நோக்கிச் சென்றதை, ஜப்பானிய நீர்மூழ்கி என்று நினைத்து பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘கிளாஸ்கோ’ சுட்டு மூழ்கடித்தது. ஆணை காப்பாற்றவில்லையே என்பார்கள். காப்பாற்றும் என்று நான் எப்போது சொன்னேன்? ஆணை ஆட்களைப் போருக்குள் சேர்க்கும். அதோடு அதன் வேலை முடிந்தது.

நேரமாகிறது. இளம் ஆய்வாளர்களுக்குச் சில குறிப்புகள். இத்தகைய கப்பல்களில் வேலைபார்த்த லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகளின் சம்பளமும் இறந்தோர் குடும்பங்களின் இழப்பீடும் தனி ஆய்வுக்குரியவை. குவாலியர் மகாராஜா 1914இல் வாங்கி மருத்துவக் கப்பலாக்கிய ‘லாயல்டி’ 1919இல் சிந்தியா கப்பல் கம்பெனியிடம் வந்தது. அந்தக் கைமாற்றத்தைப் பார்க்கலாம். இலங்கை வல்வெட்டித்துறையின் ‘அன்னபூரணி’ எதிர்த்திசை: சரக்குக் கப்பல், ஓர் அமெரிக்கரின் சொந்தப் படகாகி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. விற்பனைப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள்.