வெள்ளைப்படுதலும் அரிப்பும்: மறைக்க வேண்டாம், குணப்படுத்தலாம்



கூடப் பிறந்த அக்காவிடம்கூடச் சொல்லக் கூசுகிற ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறோம். பெண்ணுறுப்பில் அரிப்பு, எரிச்சல், தயிர்க்கட்டி போல வெள்ளைப்படுதல். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. ஆகையால், "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று மனம் மருக வேண்டாம்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைப்படுவதெல்லாம் நோய் அல்ல. இரண்டு மாதவிலக்குக்கு நடுவிலும் கர்ப்ப காலத்திலும், அரிப்போ துர்நாற்றமோ இல்லாமல் லேசாகப் படுவது இயற்கை. "சூட்டுல எலும்பு உருகி வருது" என்பார்கள். எலும்பு உருகாது, பயப்படாதீர்கள்.

அப்படியானால் அரிப்பு எதனால்? கேண்டிடா என்ற காளான் வகைக் கிருமியால். இது நம் குடலிலும் பெண்ணுறுப்பிலும் சாதாரணமாகவே கொஞ்சம் இருக்கக்கூடியது. அங்குள்ள நல்ல கிருமிகள் அதைப் பெருக விடாமல் காவல் காக்கின்றன. அந்தக் காவல் தளர்ந்தால் காளான் பெருகிவிடுகிறது. வேறு நோய்க்காகச் சாப்பிடும் ஆன்ட்டிபயாடிக் மாத்திரை நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுவதுண்டு. கர்ப்பமும், கட்டுக்கு அடங்காத சர்க்கரை வியாதியும், காற்றுப் புகாத ஈர உள்ளாடையும் காளானுக்கு வசதி செய்து கொடுக்கின்றன.

இது கெட்ட நடத்தையால் வருவதல்ல. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் வரும். மகளையோ மருமகளையோ சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பல பெண்கள் மாதக்கணக்கில் மறைத்து வைத்துத் தவிக்கிறார்கள். குடும்பநல ஆபரேஷனாலும் இது வருவதில்லை.

"டெட்டால் விட்டுக் கழுவறேன், அப்பவும் நிக்கலீங்க" என்பவர்கள் உண்டு. நிற்காது. உறுப்பின் உள்ளே டெட்டாலோ சோப்போ விட்டுக் கழுவினால் புண்ணாகும், காவல் காக்கும் நல்ல கிருமிகளும் போய்விடும். வெளிப்புறத்தை மட்டும் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும்.

வைத்தியம் சுலபம். குளோட்ரிமசோல் என்ற மாத்திரையை இரவில் படுக்கும்போது உறுப்பின் உள்ளே வைத்துக்கொள்ள டாக்டர் கொடுப்பார். 100 மில்லிகிராம் மாத்திரையானால் 6 அல்லது 7 இரவுகள். இதை வாயில் போட்டு விழுங்கக் கூடாது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கினாலும் பாதியில் விட வேண்டாம். இது ஆணுறையின் ரப்பரைக் கெடுக்கக்கூடும். ஆகவே மருந்து வைக்கும் நாட்களில் சேர்க்கையைத் தவிர்ப்பது நல்லது. ஃபுளூகோனசோல் 150 மில்லிகிராம் என்று ஒரே தடவை விழுங்கும் மாத்திரையும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. அவர்கள் டாக்டர் சொல்லும் உள்ளே வைக்கும் மருந்தையே உபயோகிக்க வேண்டும். புருஷனுக்கு அரிப்போ தடிப்போ இருந்தால் அவரும் காட்டிக்கொள்ளட்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டால் என்ன? மீன் கவிச்சி போல நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம் இருந்தால் அது வேறு கிருமி. அதற்கு வேறு மருந்து. அடிவயிற்று வலியோடு காய்ச்சல், சேர்க்கைக்குப் பின் இரத்தம், தீட்டு நின்ற வயதில் மறுபடி இரத்தம் — இவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வருஷத்தில் மூன்று நான்கு முறை அரிப்பு திரும்பி வந்தால் இரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதே சிலருக்கு இப்படித்தான் தெரிய வருகிறது.

வராமல் தடுக்க:

பருத்தி உள்ளாடை அணியுங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

உள்ளாடையையும் தீட்டுத் துணியையும் கதவுக்குப் பின்னால் ஒளித்துக் காயப்போடாமல், நல்ல வெயிலில் காயவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

டாக்டர் சொல்லாமல் ஆன்ட்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கமா? உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம், "கீழே அரிக்குதுங்க" என்று இரண்டே வார்த்தை சொல்லுங்கள். மீதியை அவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சில நாள் மருந்தில் தீரக்கூடிய தொல்லையை வருஷக்கணக்கில் சுமக்காதீர்கள்.