பெயரின் வால் சொல்லும் சேதி

உப்பு டப்பாவின் மேல் ‘சீனி’ என்று எழுதி ஒட்டினால் என்ன ஆகும்? முதல் வாய்த் தேநீரிலேயே தெரிந்துவிடும். கணினிக் கோப்புகளிலும் இதே கதை நடக்கிறது. ஆனால், அங்கே தவறு எங்கே என்று அவ்வளவு எளிதில் தெரிவதில்லை.

மின்னணுச் சில்லைத் தயாரிப்பதற்கு முன், அதன் வடிவமைப்பை நிரலாக எழுதிக் கணினியிலேயே இயக்கிப் பார்க்கிறார்கள். அதற்கு உதவுபவை சிமுலேட்டர் மென்பொருள்கள். சில்லு சந்தைக்கு வந்த பிறகு பிழை தெரிந்தால் இழப்பு பெரிது. 1994இல் பெண்டியம் சில்லின் வகுத்தல் கணக்கில் வெளிப்பட்ட பிழைக்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர்!

இந்த நிரல்களை எழுதும் மொழிகள் பல. விஎச்டிஎல் 1987இலும், வெரிலாக் 1995இலும், அதன் விரிவான வடிவமாகிய சிஸ்டம் வெரிலாக் 2005இலும் ஐஇஇஇ தரமாயின. எந்தக் கோப்பில் எந்த மொழி இருக்கிறது? கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் ‘வால்’ பகுதியைப் பார்த்தே பல சிமுலேட்டர்கள் முடிவு செய்கின்றன. மாடல்சிம்மில் ‘வி’ என்று முடிந்தால் வெரிலாக். ‘எஸ்வி’ என்று முடிந்தால் சிஸ்டம் வெரிலாக்.

ஒரு மாணவர் ‘லாஜிக்’ என்ற புதிய மொழிச் சொல்லைச் சரியாக எழுதிவிட்டு, கோப்பை ‘வி’ என்று சேமித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அந்த வரியில்தான் பிழை என்று காட்டும். அவரோ சரியான வரியைத் திருத்தித் திருத்தி இரவெல்லாம் கண் விழிப்பார். பிழை வரியில் இல்லை, பெயரில்!

அப்படியானால் எல்லாவற்றையும் ‘எஸ்வி’ ஆக்கிவிடலாமா? அதுவும் ஆபத்துதான். பழைய நிரலில் ஒரு கம்பிக்கு ‘பிட்’ என்று பெயர் வைத்திருக்கலாம். புதிய மொழியில் அது ஒதுக்கப்பட்ட சொல், நிரல் நின்றுவிடும். வெரிலேட்டர் போன்ற மென்பொருளோ, நாம் தனியாகச் சொல்லாவிட்டால் ‘வி’ கோப்பையும் சிஸ்டம் வெரிலாக்காகவே படிக்கும்.

ஆகவே, சிமுலேட்டரை மாற்றும்போது மொழியையும் கட்டளையில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். விண்டோஸ் பயன்படுத்துவோர், கோப்பு வால்களை மறைக்கும் வசதியை நிறுத்தி வையுங்கள். ‘வி’ என்று தெரியும் பெயருக்குப் பின்னால் ‘டிஎக்ஸ்டி’ ஒளிந்திருக்கக்கூடும்.

நிரலைக் குறை சொல்வதற்கு முன், பெயரை ஒருமுறை பாருங்கள்.