பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைக்கு



தேனி, கம்பம் பக்கத்தில் சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முன்பு 'மரபும் பரிணாமமும்' என்று இருந்த பாடம், இப்போது 'மரபு' என்ற பெயரோடு நின்றுவிட்டது. டார்வின் இல்லை, புதைபடிவங்கள் இல்லை, மனிதன் வந்த வழி இல்லை. கொரோனா காலத்துப் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி 2022இல் பாடநூல் தயாரிக்கும் என்சிஇஆர்டி எடுத்த முடிவு இது. 2023 ஏப்ரலில், 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் இதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அந்தப் பாடம் இருக்கிறதே என்பதுதான் கிடைத்த பதில்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியல் எடுக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? வணிகவியலுக்குப் போகிறவர், ஐடிஐக்குப் போகிறவர், அப்பாவோடு தோட்டத்துக்குப் போகிறவர் எல்லோருக்கும் பத்தாம் வகுப்புதான் கடைசி அறிவியல் பாடம். பரிணாமம் அதிகம் தேவைப்படுவது அந்தத் தோட்டத்துக்குப் போகிற பிள்ளைக்குத்தான் என்பேன்.

சின்னமனூர், கம்பம் வட்டாரத்தில் ஜி-9 வாழை போட்டவர்களிடம் வாடல் நோய் பற்றிக் கேளுங்கள். முதலில் அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகும். பிறகு இலைகள் காம்போடு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பாக வரி ஓடியிருக்கும். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் வேலை அது. 'குரோஸ் மிச்செல்' என்ற வாழையை நம்பியிருந்த மத்திய அமெரிக்கத் தோட்டங்களை இந்த நோய்தான் அழித்தது. அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த கேவண்டிஷ் இனம் அன்றைக்குத் தாக்குப்பிடித்தது. நம் ஜி-9 அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். இன்று அதையும் வீழ்த்துகிற பூஞ்சை வகைகள் வந்துவிட்டன.

எப்படி வந்தன? கோடிக்கணக்கில் பெருகும் பூஞ்சையில் அங்கங்கே சிறு மாற்றங்கள் தோன்றிக்கொண்டே இருக்கும். அவற்றில் எது புதிய வாழைக்குள் நுழைய உதவுகிறதோ, அதுவே பிழைத்துப் பெருகும். திசு வளர்ப்பு வாழையோ தாய்மரத்தின் நகல். ஒரு மரத்துக்கு எதிர்ப்பு இல்லையென்றால் தோட்டத்தில் எந்த மரத்துக்கும் இல்லை. திராட்சைக்குத் திரும்பத் திரும்ப ஒரே மருந்தை அடித்தால் பூச்சியும் பூஞ்சையும் கேட்காமல் போவதற்கும் இதுவே கணக்கு. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு இதுதான். இது தெரிந்த பிள்ளை மருந்தை மாற்றி மாற்றி அடிக்கும். தெரியாத பிள்ளை அளவைக் கூட்டும்.

மலைப் பக்கம் பார்த்தால் இன்னும் வியப்பு. கம்பம்மெட்டு வழியாகப் போனால் வரும் இடுக்கி மாவட்டத்தில் கண்டெடுத்த ஊதாத் தவளையை, 2003இல் ஆய்வாளர் எஸ்.டி.பிஜுவும் ஒரு பெல்ஜிய விஞ்ஞானியும் உலகுக்கு அறிவித்தார்கள். மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழும் உயிர் அது. மழைக்காலத்தில் சில நாள்தான் வெளியே வரும். அதன் நெருங்கிய சொந்தம் இருப்பது கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில். உப்புநீரில் தவளைகள் பெரும்பாலும் பிழைக்காது. அந்தத் தீவுகளும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்த காலத்துக் குடும்பம் என்றால்தான் கணக்கு சரியாகிறது. 2017இல், மலையின் நம் பக்கத்துச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில் இன்னொரு ஊதாத் தவளை இனத்தை அறிவித்தார்கள். ஆய்வாளர் பூபதியின் நினைவாக அதற்குப் பெயர். மேற்கே இருப்பது தென்மேற்குப் பருவமழையில் முட்டையிடும். கிழக்கே இருப்பது வடகிழக்குப் பருவமழையில். ஒரே மலை, இரண்டு மழை, இரண்டு இனம். இரண்டு மழையையும் பார்த்து வளர்கிற கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன?

சாமி படைத்தது என்று சொல்லி வளர்த்த பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கும் பெற்றோர் உண்டு. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால், குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லை, டார்வின் சொன்னது தவறு என்று 2018இல் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் பேசியது வேறு விஷயம். இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று அறிவியல் சொல்லவே இல்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்றுதான் சொல்கிறது. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் அப்போதே சேர்ந்து மறுத்தன. 1925இல் அமெரிக்காவின் டென்னசியில் பரிணாமம் நடத்திய ஆசிரியர் ஸ்கோப்ஸை நீதிமன்றத்தில் நிறுத்தி 100 டாலர் அபராதம் விதித்தார்கள். இங்கே யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. பக்கங்கள் மட்டும் காணாமல் போயின. அதனாலேயே எனக்குக் கவலை அதிகம்.

தமிழ்நாட்டுப் பாடநூலில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு அறிவியலில், பரிணாமம் தனிப் பாடமாகவே இருக்கிறது. சிபிஎஸ்இ ஆசிரியர்களே, புத்தகத்திலிருந்து எடுத்தார்களே தவிர, சொல்லித்தரக் கூடாது என்று யாரும் உங்களைத் தடுக்கவில்லை. ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். வாடல் வந்த கிழங்கு ஒன்றை வெட்டிக் காட்டுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேச வையுங்கள். பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்டு முடித்த பிறகு, இந்தப் பாடத்தையும் கேளுங்கள்.