அறிவிப்புத் தாள் ஏன் சிறியது?



அல்பேர் காம்யுவின் ‘கொள்ளை நோய்’ நாவல் 1947இல் வெளிவந்தது. களம், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் ஓரான் நகரம். முதலில் எலிகள் சாகின்றன, பிறகு மனிதர்கள். மருத்துவர்கள் கூடிப் பேசும்போது, நோயின் பெயரை வெளிப்படையாகச் சொல்லலாமா என்பதிலேயே தயக்கம். அரசு அறிவிப்பு ஒட்டுகிறது, சிறிய தாளில், கண்ணில் படாத மூலைகளில்! நகர வாயில்கள் மூடியதும் கொத்தார் என்பவன் கடத்தல் சரக்கில் காசு பார்க்கிறான்.

எனக்குப் பிடித்தவர் கிரான். நகராட்சிக் குமாஸ்தா. அலுவலகம் முடிந்து வந்து தொண்டர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறார், அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டோடு மாரடிக்கும் நமக்கு அவரைப் புரியும்.

ஒரு குறை உண்டு. அந்நகரில் வாழ்ந்த அரபு மக்களின் குரல் நாவலில் இல்லை. யாருடைய சாவு கதையாகிறது என்று வகுப்பில் கேட்கலாம்.

பத்தாம் வகுப்பில் இக்கதையைச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, “தாளை ஏன் ஐயா சின்னதா ஒட்டினாங்க?” என்றாள். நான் வாய் திறக்கும் முன்பே பின்வரிசை பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. 2020இல் அவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். மணி அடித்தும் பேச்சு ஓயவில்லை.