பள்ளியின் மதிப்பெண்ணைச் சேரியில் வாசிப்போம்



அண்ணல் அம்பேத்கரின் நினைவுச் சொற்பொழிவில் பள்ளித் தேர்வு முடிவுகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அம்பேத்கரே இதைப் பேசியிருக்கிறார். 1928இல் சைமன் குழுவிடம், பம்பாய் மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி நிலை குறித்து ஓர் அறிக்கை அளித்தார். எந்தப் பிரிவின் பிள்ளைகள் எவ்வளவு பேர் தொடக்கப் பள்ளியில் இருக்கிறார்கள், உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் யார் போய்ச் சேர்கிறார்கள் என்று பிரித்து வைத்துக் காட்டினார். மாகாணம் முழுவதற்குமான மொத்தக் கணக்கில் நம் பிள்ளைகள் காணாமல் போயிருந்தார்கள். பிரித்த பிறகுதான் அரசு நமக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது வெளியே தெரிந்தது.

அந்த வேலையை இன்று ஒவ்வொரு ஊர்ப் பள்ளியிலும் செய்ய வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

மே மாதம் ஆனால் பள்ளி வாசல்களில் பிளெக்ஸ் முளைக்கிறது. ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்கிறது. 2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வை 8,94,264 பேர் எழுதினார்கள்; 8,18,743 பேர் தேர்ச்சி பெற்றார்கள். 91.55 விழுக்காடு. வகுத்தல் கணக்கில் பிழை இல்லை. ஆனால் எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்று பாருங்கள். தேர்வு எழுத வந்தவர்களின் எண்ணால் வகுக்கிறார்கள். வராதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் 60 பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புத் தேர்வை 40 பேர் எழுதி, 40 பேரும் தேறினால் அது நூறு விழுக்காடு. மீதி 20 பேர் எங்கே? சிலர் வேறு பள்ளிக்கு மாறியிருப்பார்கள். மற்றவர்கள் எங்கே என்று நம் தெருக்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், கத்தி ஒன்பதாம் வகுப்பில் விழுகிறது. ‘இவன் ரிசல்ட்டைக் கெடுத்துவிடுவான், டி.சி.யை வாங்கிக்கொண்டு போங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்’ என்று பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. பெண் பிள்ளை நூற்பாலைக்குப் போகிறாள். பையன் பெயின்ட் அடிக்கப் போகிறான். பிளெக்ஸில் அவர்களுக்கு இடமில்லை.

ஆகவே இரண்டு விதமான முடிவுகளை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று பிள்ளையின் மதிப்பெண். அது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது. மற்றொன்று பள்ளியின் மதிப்பெண். அது ஊருக்கும் சேரிக்கும் உரியது. 2017இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுகளில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அதை நாம் வரவேற்கிறோம். பிள்ளைகளை ஏலம் போடும் வழக்கம் குறைந்தால் நல்லது. ஆனால் பிள்ளையின் பெயரை மறைப்பதற்கு உள்ள நியாயம் பள்ளியின் கணக்கை மறைப்பதற்குக் கிடையாது.

இதில் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சாதிக்காரர்கள் நிறைந்த கூட்டத்தில் நம் பிள்ளையின் பெயரைச் சொல்லி மதிப்பெண்ணை வாசித்தால், அது தகவல் பகிர்வாக இருக்காது. ‘இதுகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று ஏற்கெனவே எழுதி வைத்த தீர்ப்புக்குச் சாட்சியாகிவிடும். எங்கும் எந்தப் பிள்ளையின் பெயரும் வாசிக்கப்படக் கூடாது. வாசிக்க வேண்டியது எண்களை மட்டுமே.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோர் கூட்டத்தில் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் எத்தனை பேரோ அந்த விகிதத்தில் அவர்களின் பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். 26ஆம் பிரிவு, ஆசிரியர் காலியிடம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. இச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றாலும், அதற்கு மேல் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும்.

ஆனால் கூட்டம் எப்போது நடக்கிறது? வேலை நாள் பிற்பகலில். நம் அம்மாக்கள் அப்போது நூறு நாள் வேலையிலோ நடவு வயலிலோ இருப்பார்கள். நோட்டு வீட்டுக்கு வரும். கையெழுத்து வாங்கிப் போகும். ரேங்க் கார்டில் கைநாட்டு வைத்த தலைமுறை, இன்று தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிறது. எழுதியிருப்பது என்ன என்பது மட்டும் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

தகவலைச் சொன்னாலே எல்லாம் மாறிவிடும் என்றும் நாம் நம்பவில்லை. உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, ருக்மிணி பானர்ஜி ஆகியோர் அதில் பங்கேற்றார்கள். கிராமக் கல்விக் குழு பற்றியும் பிள்ளைகளின் வாசிப்பு நிலை பற்றியும் ஊர்க் கூட்டங்களில் பேசப்பட்டது. அதனால் மட்டும் பள்ளியில் மாற்றம் வரவில்லை. ஆனால் ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்திய இடங்களில், முகாமுக்கு வந்த பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள். கணக்கு கேட்பதோடு கைவேலையும் சேர வேண்டும் என்பதே இதில் நமக்கான பாடம். நம் மாலை நேர வகுப்புகளை மூடிவிட்டு மனு மட்டும் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு கேள்வி நம் ஆசிரியத் தோழர்களிடமிருந்து வருகிறது. ‘அரசுப் பள்ளியின் குறைந்த தேர்ச்சியை ஊரறியச் சொன்னால், தனியார் பள்ளி வேனுக்குத்தானே ஆள் சேரும்? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை மூடத்தானே வழி வரும்?’ இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் தேர்ச்சி எண்ணைத் தனியாக வாசிக்கக் கூடாது என்கிறோம். கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் கணக்கில் தோற்றவர்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்வது பொய்க்குச் சமம். காலியிடத்தையும் சேர்த்து வாசித்தால், அதே எண் ஆசிரியரைக் கேட்கும் மனுவாக மாறும். ஆசிரியர்களும் நம்மோடு நிற்க இடம் கிடைக்கும்.

ஆக, ஒரே ஒரு தாளில் ஐந்து கேள்விகள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை, அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை, தேறியவர்கள் எத்தனை? பட்டியல் சாதி, பழங்குடி, பெண் பிள்ளைகள் என்று பிரித்தால் அந்த எண்கள் என்ன? எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எப்போதிலிருந்து? ஐந்தாம் வகுப்பில் ஒரு பத்தியைத் தானே வாசிக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? போன ஆண்டுத் தீர்மானங்களில் எது நடந்தது? ஒரு பிரிவில் இரண்டு மூன்று பிள்ளைகளே இருக்கும் பள்ளியில் பிரித்து வாசிக்க வேண்டாம், யாரென்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கை அந்தப் பெற்றோரோடு மட்டும் பேசுவோம்.

1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் பொது விசாரணைகளைத் தொடங்கியபோது, ஊராட்சியின் கூலிப் பட்டியலை மக்கள் முன்னால் உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவர்களின் பெயர்கள் பட்டியலில் இருந்ததை அந்த மக்களே சொன்னார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் கணக்கைத் தணிக்கை செய்ய முடியும் என்பதை அது காட்டியது. அங்கே இல்லாத ஆட்கள் பட்டியலில் இருந்தார்கள். நம் பள்ளிகளில் இருந்த பிள்ளைகள் பட்டியலில் இல்லை. இரண்டையும் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான். உரக்க வாசிப்பது.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். தேர்வு முடிவு வந்த பிறகு, ஜூன் மாதத்தில் உங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த ஐந்து கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமை மனு போடுங்கள். ஜூலையில், வேலை முடிந்து அம்மாக்கள் திரும்பிய பிறகு, இரவு எட்டு மணிக்கு முதலில் நம் தெருவில் வாசியுங்கள். எந்தப் பிள்ளை விட்டுப்போனது என்று அங்கேதான் சொல்வார்கள். ஆகஸ்ட் 15 கிராமசபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுபோங்கள். தீர்மான நோட்டில் எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே நம் அம்மாக்கள் கையெழுத்துப் போடட்டும்.

பள்ளியை விட்டுப்போன பிள்ளையின் வீட்டுக்கு மறுநாளே இரண்டு பேர் போக வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவருவதற்காகத்தான்.

ஜெய்பீம்.