கேளிக்கைப் பேட்டையும் ஊரார் கையெழுத்தும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவிலுள்ள ஒரு நடுத்தரப் பட்டணத்தின் சங்கதியாகும். "உள்ளூர்ச் சாக்கடை நாறும்போது அமெரிக்காவைப் பற்றி இவனுக்கென்ன பேச்சு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. ஆனால், பொதுஜனங்களின் வரிப்பணம் எந்தச் சந்து வழியாகத் தனியார் பெட்டிக்குள் நுழைகிறது என்பதும், "அது என் பணமாயிற்றே" என்று கேட்க வந்தவர்களை எப்படி வாயடைக்கிறார்கள் என்பதும் இந்த ஊர்ச் சங்கதியில் கண்ணாடி போல் தெரிகிறபடியால், கொஞ்சம் பொறுமையோடு கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்.

ஒக்லஹோமா என்பது அமெரிக்க ராஜ்யங்களில் ஒன்று. அதில் நார்மன் என்று ஒரு பட்டணம். 2020-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி சுமார் 1,28,000 பேர். ஒக்லஹோமா பல்கலைக்கழகம் இருப்பது இங்கேதான். 1907-ல்தான் ஒக்லஹோமா ஒரு தனி ராஜ்யமாயிற்று; பல்கலைக்கழகமோ 1890-லேயே ஏற்பட்டுவிட்டது. ஆகவே ஊருக்கு அது பெரிய பெருமை. படிப்பினால் வந்த பெருமையை விட விளையாட்டினால் வந்த பெருமையே அதிகம் என்று அவ்வூராரே சொல்லுவார்கள்.

இந்தக் கல்லூரியார் கூடைப்பந்து ஆடுவதற்கு 1975-ல் திறந்த லாயிட் நோபிள் சென்டர் என்ற மண்டபம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 11,000 பேர் உட்காரலாம். அது பழசாய்ப் போய்விட்டது, புதிது வேண்டும் என்றார்கள். சரி, எவ்வளவு பெரிதாக? 8,000 பேர் உட்காரும்படியாக! தோழர்களே, கவனியுங்கள். 11,000 பேர் இடத்தை விட்டு 8,000 பேர் இடத்துக்குப் போகப் புதுக் கட்டடம். அதுவும் கல்லூரியின் வாசலில் அல்ல. ஊருக்கு வடக்கே, நெடுஞ்சாலை ஓரத்தில், கல்லூரிக்காக நிதி திரட்டும் பௌண்டேஷனுக்குச் சொந்தமான காலி நிலப்பகுதியில்.

வெறும் பந்தாட்ட மண்டபம் மாத்திரமென்றால் கட்டட முதலாளிகளுக்கு அதில் என்ன ருசி இருக்க முடியும்? ஆட்டம் வருஷத்தில் சில நாட்கள்தானே! ஆகையால் மண்டபத்தைச் சுற்றி ஓட்டல்கள், சாப்பாட்டுக் கடைகள், மதுக் கடைகள், துணிக்கடைகள், ஆபீசுகள், குடியிருப்புகள் எல்லாம் சேர்த்து ஒரு கேளிக்கைப் பேட்டை. அதற்கு ராக் கிரீக் கேளிக்கைப் பேட்டை என்று பெயர். மொத்த மதிப்பு சுமார் 100 கோடி டாலர் என்றார்கள். அதில் 25 வருஷ காலத்தில் 60 கோடி டாலர் வரையில் ஊர் வரியிலிருந்து போகும்படி ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டிற்கு டி.ஐ.எப். என்று மூன்றெழுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு நிலத்திலிருந்து இன்று இவ்வளவு வரி வருகிறது. நாளை அங்கே கட்டடமும் கடையும் வந்தால் வரி உயரும். உயர்ந்த பாகத்தில் இவ்வளவு ஊர்ப் பொக்கிஷத்துக்குப் போகாமல், கட்டடம் கட்டிய கடனுக்கே போகட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். கலிபோர்னியாவில் 1952-ல் பிறந்த யோசனை இது. அதே கலிபோர்னியாவில், இந்த வழியில் வரியைச் செலவழித்து வந்த நகரப் புனரமைப்பு ஸ்தாபனங்களை எல்லாம் 2012-ல் ஒரே மூச்சாக மூடிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெற்ற தாயே கைவிட்ட பிள்ளையை மற்ற ராஜ்யத்தார் இடுப்பில் வைத்துக் கொஞ்சுகிறார்கள்!

"புது வரி ஒரு காசும் போடவில்லையே, இல்லாத பணத்தைத்தானே கொடுக்கிறோம்" என்பது திட்டக்காரர்களின் வாதம். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. கொஞ்சம் உரசிப் பார்ப்போம். ஒக்லஹோமா ராஜ்யத்தில் நகரசபைகள் போலீசுக்கும், நெருப்பணைக்கும் படைக்கும், அன்றாட நிர்வாகத்துக்கும் பெரும்பாலும் விற்பனை வரியையே நம்பி இருக்கின்றன. நிலம் வீடு வரியில் பெரும்பங்கு பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. நார்மனில் ஒரு குடும்பம் சனிக்கிழமை தோறும் வெளியே சாப்பிடுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடைத்தெருவில் சாப்பிட்டால் அந்த வரி ஊருக்கு. அதே குடும்பம் புதுப் பேட்டையில் போய்ச் சாப்பிட்டால் அந்த வரியில் ஒரு பாகம் பேட்டைக் கடனுக்கு. அவர்களுக்கு இருப்பது ஒரே வயிறுதானே! சனிக்கிழமைக்கு இரண்டு ராச்சாப்பாடா சாப்பிடப் போகிறார்கள்? பழைய கடைக்காரன் கல்லாவில் குறைந்ததும், நகரசபைப் பொக்கிஷத்தில் குறைந்ததும் யார் கணக்கில் எழுதப்படும்? வெளியூரிலிருந்து வந்து செலவழிக்கும் பணம் மாத்திரமே அசல் லாபம். அது எவ்வளவு என்பதற்கு இவர்கள் காட்டுவதெல்லாம், கூலிக்கு எழுதிக் கொடுக்கிற நிபுணர்களின் அறிக்கைதான். சத்திரக்காரனையே கேட்டால் சத்திரத்துச் சோறு அமிர்தம் என்றுதானே சொல்லுவான்!

நான் சொல்லுவது மாத்திரமல்ல. ரோஜர் நால், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் என்ற இரண்டு பொருளாதாரப் பண்டிதர்கள் 1997-லேயே பல ஊர் மைதானங்களின் கணக்கையும் ஒரு புத்தகத்தில் சேர்த்து ஆராய்ந்து, போட்ட பொதுப்பணத்துக்கு ஏற்ற பலன் ஊருக்கு வரவில்லை என்று காட்டினார்கள். அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் 2017-ல் திறந்த பேஸ்பால் மைதானத்தையும் அதை ஒட்டிய பேட்டரி என்ற கேளிக்கைப் பேட்டையையும்தான் இப்போது எல்லோரும் ஆசைகாட்டும் படமாய் எடுத்து நீட்டுகிறார்கள். அதற்கு காப் கவுண்டி சுமார் 30 கோடி டாலர் கொடுத்தது. அந்தக் கவுண்டியிலேயே உள்ள பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் பிராட்பரி என்பவர் கணக்குப் பார்த்து, வரி கொடுப்போருக்கு நஷ்டமே என்கிறார். பேட்டையில் கூட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கூட்டம் வேறு, லாபம் வேறு.

நிற்க. இங்கே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "கல்லூரிக்கு வருமானம் வந்தால் படிப்புக்கு நல்லதுதானே?" நல்ல கேள்வி. விளையாட்டில் வந்த பணம் பெரும்பாலும் விளையாட்டிலேயே போய்விடுகிறது என்பதுதான் அங்குள்ள அனுபவம். ஒக்லஹோமா 2024 ஜூலையில் எஸ்.இ.சி. என்னும் பெரிய பந்தயக் கூட்டத்தில் சேர்ந்தது. அதில் பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டினால் தானும் கட்டியாக வேண்டும். அன்றியும், 2025 ஜூனில் ஒரு கோர்ட்டு சமரசத்தின்படி கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேராகவே பங்கு கொடுக்கலாம் என்றாயிற்று. வேர்வை சிந்துகிறவனுக்குக் கூலி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. எத்தனையோ காலம் அவர்களை வெறும் மாணவர்கள் என்று சொல்லிக் கோடி கோடியாய்ச் சம்பாதித்தார்கள். ஆனால் அந்தக் கூலிக்கு வழி தேடிக் கல்லூரிகள் இப்போது ஓட்டல் வியாபாரத்துக்கும் வாடகை வியாபாரத்துக்கும் கை நீட்டுகின்றன. டென்னஸி பல்கலைக்கழகத்தாரும் நேலண்டு ஸ்டேடியத்தின் பக்கத்தில் இப்படியொரு பேட்டைக்குத் திட்டம் போட்டார்கள்.

இனி விஷயத்தின் மூலஸ்தானத்துக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் நார்மன் நகரசபை இந்தத் திட்டத்தை 5 பேர் ஆதரவாகவும் 4 பேர் எதிராகவும் ஓட்டுக் கொடுத்து நிறைவேற்றியது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் 25 வருஷத்து வரி! இன்று பிறந்த குழந்தை கல்லூரிப் படிப்பை முடித்து வரும் வரைக்கும் அந்தக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். ஊரார் சும்மா இருக்கவில்லை. "இதை எங்கள் ஓட்டுக்கு விடுங்கள்" என்று மனு எழுதி, வீடு வீடாய், கடை கடையாய்க் கையெழுத்து வாங்கினார்கள். வேண்டியது 6,100 கையெழுத்துக்குச் சற்றுக் குறைவு. கிடைத்தது 11,000-க்கு மேல். திட்டம் கூடாதென்று அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. எங்களையும் கேளுங்கள் என்றார்கள், அவ்வளவுதான்.

திட்டத்தை ஆதரிக்கும் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். மனுவின் தலைப்பில் இருக்க வேண்டிய சுருக்கக் குறிப்பு திட்டத்தைப் போதுமான அளவு விளக்கவில்லை என்று 2025-ல் ஜில்லா நீதிபதி மனுவையே செல்லாது என்றார். மனுக்காரர்கள் மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டம் என்ன சொல்லுகிறதென்று வக்கீல்கள் பேசட்டும். நான் சாதாரண அறிவைக் கொண்டு கேட்கிறேன்: கையெழுத்துப் போட்டவர்களுக்கு விஷயம் சரியாய்த் தெரிந்திருக்காது என்றால், ஓட்டுக்கு விட்டிருந்தால் தெரிந்துகொண்டிருப்பார்களே! இரு பக்கத்தாரும் மேடை போட்டுப் பேசியிருப்பார்களே! தெரியாதவனுக்குத் தெரிவிக்கும் வழியை அடைத்துவிட்டு, உனக்குத் தெரியாது என்று சொல்லுவது என்ன நியாயம்? ஐந்து பேருக்குப் புரிந்த விஷயம் பதினோராயிரம் பேருக்குப் புரியாதா?

ஆனாலும் ஜனங்கள் பேசுவதற்கு ஒரு இடம் மிச்சமிருந்தது. 2025 பிப்ரவரியில் மேயர் தேர்தல். திட்டத்தை ஆதரித்த மேயர் லாரி ஹைகிலா தோற்றார். சபையில் அதற்கு எதிராக ஓட்டுப் போட்ட ஸ்டீபன் டைலர் ஹோல்மன் ஜெயித்தார். ஆள் மாறினாலும் முன்பே கொடுத்த வாக்கு அப்படியே நின்றது.

"ஜனங்களிடம் விட்டால் எதையும் வேண்டாமென்றுதான் சொல்லுவார்கள், ஊர் எப்படி முன்னேறும்?" என்று இங்கும் சிலர் கேட்கக்கூடும். நார்மனுக்கு வடக்கே சுமார் 20 மைலில் ஒக்லஹோமா சிட்டி இருக்கிறது. அங்கேயும் ஒரு கூடைப்பந்து மண்டபம் வேண்டுமென்றார்கள். 90 கோடி டாலருக்குக் குறையாத செலவு. ஆறு வருஷத்துக்கு டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி. அதை 2023 டிசம்பரில் ஜனங்களின் ஓட்டுக்கு விட்டார்கள். எனக்கு அந்தச் செலவும் பிடித்தமில்லைதான். ஆனால் தொகையையும் காலத்தையும் எதிரே வைத்துக் கேட்டார்கள். 100-க்கு 71 பேர் சரி என்று சொன்னார்கள். கேட்டிருந்தால் நார்மன் ஜனங்களும் சரி என்றே சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். நான் கேட்பதெல்லாம், 20 மைல் தூரத்தில் இருப்பவனிடம் கேட்கத் தைரியம் இருந்ததே, இவர்களிடம் கேட்க ஏன் இல்லை என்பதுதான்.